பூட்டு ஊர் மாப்பிள்ளைக்குப் பூட்டில்லாத மெஷினா?

மாப்ளே, கொல்லையில ஒரு முருங்கை, ஒரு வேம்பு. அதைக் கழிக்க 18 இஞ்ச் பார் போட்ட பெட்ரோல் செயின் ரம்பம் வாங்கப் போறீங்களாமே? சிறுமலைக் காட்டையே அறுத்து விக்கிற யோசனையா? முருங்கைக் கொப்பு நீங்க சாஞ்சு நின்னாலே முறியும். இருந்தாலும் கௌரவம்னு ஒண்ணு இருக்குல்ல!

உங்க சகலை இன்னும் கெட்டிக்காரரு. டைல்ஸ் வெட்டுற நாலு இஞ்ச் கிரைண்டர்ல பாதுகாப்பு மூடியைக் கழட்டி வீசிட்டு, பல்லு வச்ச மர பிளேடை மாட்டியிருக்காரு. நிமிசத்துக்கு 11,000 சுத்துப் பக்கம் ஓடுற சாமான். பல்லு மரத்தைக் கவ்வுனா மெஷின் கையை விட்டுத் துள்ளும். சுவிட்சை விட்டாலும் உடனே நிக்காது. அவருக்குப் பத்து விரலும் அதிகம்னு தோணிருச்சு போல.

நம்ம திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல புவிசார் குறியீடே குடுத்துட்டாங்க. பூட்டு வாங்கப் போனா எத்தனை லீவர்னு கடைக்காரர் உசுரை எடுப்பீங்க. செயின் ரம்பத்துக்கு மட்டும் எத்தனை வாட்டுன்னு கேட்டாப் போதுமா? அதுக்கும் பூட்டு வேணும் மாப்ளே. ஒரு பட்டனை அமுக்கிக்கிட்டே சுவிட்சை இழுத்தாத்தான் ஓடணும். பேரப்புள்ள சும்மா தொட்டா ஓடப்படாது. முன்பிடிக்கு முன்னாடி ஒரு தகடு நிக்கும். அதுதான் செயின் பிரேக். பார் நுனியோட மேல்பக்கம் மரத்துல பட்டுச்சுன்னா மெஷின் நேரா மூஞ்சிக்கு எகிறும். அப்ப அந்தத் தகடு மணிக்கட்டுல மோதிச் சாயும், செயின் பட்டுன்னு நின்னுரும். கடையிலயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்க. ஒத்தைக் கையில பிடிக்கிற குட்டி மெஷின் பலதுல இந்தத் தகடே கிடையாது, அழகா மட்டும் இருக்கும்.

வீட்டுக்கு 12 இஞ்ச் கரண்டு மெஷின் தாராளம். மணிக்கட்டு மொத்தக் கொப்புக்குக் கைவாளே போதும், ஆனா அதைத் தூக்கிக்கிட்டுப் போனா தெருவுல யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க, அதான் உங்க கஷ்டம். ஒயர் மெஷின்னா லைன்ல கரண்டு கசிஞ்சா துண்டிக்கிற 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. இருக்கணும்; டேப் சுத்துன ஒயரைத் தூரப் போடுங்க. பேட்டரி மெஷின்னா செயினை இறுக்குறப்ப பேட்டரியைக் கழட்டி வைங்க.

கைலியை மடிச்சுக் கட்டி, தோள்ல துண்டைப் போட்டு, ஏணி உச்சியில நின்னு மெஷினைப் பிடிச்சா போட்டோவுக்கு நல்லா இருக்கும். மாலை போட்டு மாட்டுறதுக்கும் அதே போட்டோ ஆகும். பேன்ட், ஷூ, கண்ணாடி, காதடைப்பான் போட்டுக்கிட்டு, காலைத் தரையில ஊனி நில்லுங்க. தோளுக்கு மேல உள்ள கொப்புக்கு மரம் கழிக்கிற ஆளைக் கூப்பிடுங்க. கூலிக்கு மட்டும் பேரம் பேசாதீங்க.