யூரோப் அண்ணன்

தொரப்பள்ளி டீக்கடையில் யாராவது "இன்னிக்கு வெயில் ஜாஸ்தி" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் போச்சு. "இதே நேரத்துல சுவிஸ் யுங்ஃப்ராவ் மலைல நாங்க ஸ்வெட்டர் மேல ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு நின்னோம்" என்று ஆரம்பித்துவிடுவார் யூரோப் அண்ணன். போன மே மாதம் குடும்பத்தோடு பத்து நாளில் ஆறு நாடு பார்த்துவிட்டு வந்தவர். பெயர் எதற்கு? சிப்காட் சம்பளமும் நிலம் விற்ற காசும் சேர்ந்த ஓசூர் வட்டாரத்தில் இப்போது தெருவுக்கு ஒருவர் இப்படி இருக்கிறார்.

கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளியில் வண்டி நின்றுவிட்டால் அண்ணனுக்குக் கொண்டாட்டம். "பெல்ஜியத்துக்குள்ள எப்ப நுழைஞ்சோம்னே தெரியல. தூங்கிட்டேன்" என்பார். லக்சம்பர்க்கில் ஷெங்கன் என்ற சின்ன கிராமத்தருகே, மோசெல் ஆற்றில் நின்ற ஒரு கப்பலில் எல்லைச் சோதனை வேண்டாமென்று 1985இல் ஐந்து நாடுகள் போட்ட கையெழுத்து அவரைத் தூங்க வைத்திருக்கிறது. இன்று அதில் 29 நாடுகள். மூன்று நாட்டு எல்லை கூடும் இடம் ஷெங்கன். நம் பக்கமும் அப்படித்தான், கர்நாடகமும் ஆந்திரமும் கைக்கெட்டும் தூரம். டீக்கடைக்காரர் இந்தத் தூக்கக் கதையைத் தமிழில், தெலுங்கில், கன்னடத்தில் ஆளுக்குத் தக்கபடி கேட்டு முடித்துவிட்டார்.

பாரிஸ் என்றால் அண்ணனுக்கு ஐஃபிள் கோபுரம், வீட்டம்மாவுக்கு கெட்டில். மாமியார் பெட்டிக்குள் இரண்டு கிலோ ராகி மாவு இருந்தது. ராத்திரி ஹோட்டல் அறையில் தண்ணீர் காய வைக்கும் கெட்டிலில் களி கிண்டினார்கள். கோல் இல்லை, டூத் பிரஷின் பின்பக்கம்தான். அடிப்பிடித்து, புகைந்து, அலாரம் அலறியது. ஹோட்டல்காரன் பதறி ஓடி வந்தான். "ஏமீ லேது நாயனா, போ" என்றார் மாமியார் தெலுங்கில், ஒண்ணுமில்லப்பா போ என்று. அவனும் போய்விட்டான். அந்தப் பயணத்தில் இவர்கள் பேசியது ஒரு வெள்ளைக்காரனுக்குச் சரியாகப் புரிந்தது அந்த ஒரு தடவைதான்.

அண்ணன் எதையும் நூறால் பெருக்கித்தான் பார்ப்பார். நாலு பேர் ஒண்ணுக்குப் போக நானூறு ரூபாய் என்று கணக்கு வந்த பிறகு ரோமில் யாரும் தண்ணீர் குடிக்கவில்லை. லூசர்னில் கடிகாரக் கடைக்குள் போனார். விலைச் சீட்டைப் பார்த்தார். கையைத் திருப்பித் தன் டைட்டனில் மணி பார்த்துவிட்டு வெளியே வந்தார். ஓசூரில் செய்த அந்த வாட்சை அவர் பத்து நாளும் திருப்பி வைக்கவில்லை. ஊர் நேரத்துக்குத்தான் பசித்தது. ஆம்ஸ்டர்டாமில் ரோஜாக் கட்டைப் பார்த்த வீட்டம்மா, "நம்ம பாகலூர் பூ மாதிரியே இருக்கே" என்றாராம். இருந்தாலும் இருக்கலாம், காதலர் தினத்துக்கு நம் பக்கத்து ரோஜா ஐரோப்பாவுக்கு விமானம் ஏறுவது உண்டுதானே.

பைசா கோபுரத்தைத் தாங்கிப் பிடிப்பதாக ஒரு படம். எடுத்தது பையன். கைக்கும் கோபுரத்துக்கும் நடுவில் இரண்டு ஆள் நுழையலாம். அதைத்தான் பிரேம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறார்.

போன வாரம், "தொரப்பள்ளியிலேர்ந்து மொத மொத ஃபாரின் போனது நாங்கதான்" என்றார். பெஞ்சிலிருந்த பெரியவர் ஒருவர், "ஏம்ப்பா, ராஜாஜி?" என்று கேட்டுவிட்டார். 1878இல் இதே ஊரில் பிறந்த மனிதர், அமெரிக்கா போனபோது வயது 83. அணுகுண்டுச் சோதனையை நிறுத்தச் சொல்லி 1962இல் கென்னடியைப் பார்க்கப் போனார்.

அண்ணன் டீயை ஒரு வாய் உறிஞ்சினார். "அது ஆபீஸ் வேலை தாத்தா. டூர்னா குடும்பத்தோட போகணும்."

ராஜாஜி பிறந்த வீடு நினைவு இல்லமாக ஊருக்குள்ளேயே இருக்கிறது. அண்ணன் குடும்பம் இன்னும் உள்ளே போய்ப் பார்த்ததில்லை.