பேனா இருக்கா சார்?

ஆனேக்கல் என்றால் கன்னடத்தில் ஆலங்கட்டி. பெயரிலேயே வானிலை எச்சரிக்கையோடு இருக்கும் ஊர் எங்களுடையது. மேற்கே பன்னேர்கட்டா காடு, தெற்கே போனால் தமிழ்நாட்டுத் தளி. ராகி முற்றும் காலத்தில் யானை வயலில் இறங்கியது என்று சொன்னால் இங்கே யாரும் வாயைப் பிளக்க மாட்டார்கள். "எத்தனை?" என்று மட்டும் கேட்பார்கள்.

இந்த ஊரில் நாங்கள் ஐந்து பேர். எல்லோருக்கும் நாற்பது தாண்டி, சர்க்கரையும் எட்டிப் பார்த்த பிறகு, ஞாயிற்றுக்கிழமைதோறும் நடப்பது என்று முடிவானது. வயலோரம் நாலு கிலோமீட்டர் நடந்துவிட்டு மசால் தோசை சாப்பிடுவதை நாங்கள் 'டிரெக்கிங்' என்று சொல்லிக்கொள்வோம். டிரெக்கிங் என்று பெயர் வைத்த பிறகு அவசரப் பை இல்லாமல் எப்படி? ஒருவருக்கு டார்ச், ஒருவருக்குக் கட்டுத்துணி, ஒருவருக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலம், ஒருவருக்கு விசில். கடைசியில் என்னைப் பார்த்தார்கள்.

"பேனா உன் பொறுப்பு. நீதானே எழுதுறவன்?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. காட்டோரத்தில் செல்போன் சார்ஜ் தீர்ந்தால் யாருக்கு யாருடைய நம்பர் தெரியும்? எனக்கு என் மனைவியின் நம்பரே 'வீடு' என்றுதான் தெரியும். மயங்கிக் கிடப்பவனின் ரத்த வகை, ஒத்துக்கொள்ளாத மாத்திரையின் பெயர், கடைசி மாத்திரை கொடுத்த நேரம், பாம்பு கடித்த இடத்தில் வீக்கம் எதுவரை ஏறியிருக்கிறது என்று தோலில் கோடு போட்டு அதன் பக்கத்தில் மணி, இதையெல்லாம் எழுதி வைத்தால் மருத்துவருக்குப் பாதி வேலை மிச்சம். விசிலால் இதைச் செய்ய முடியுமா?

அன்று இரவே ஆராய்ச்சியில் இறங்கினேன். முதலில் கண்ணில் பட்டது 'டாக்டிகல் பேனா'. விமானம் செய்கிற அலுமினியமாம். முனையில் கூராக ஓர் உலோகம்.

"இதால என்னங்க செய்வாங்க?" என்றாள் மனைவி.

"அவசரத்துக்குக் கார் கண்ணாடிய உடைக்கலாம்."

"நம்மகிட்ட ஸ்கூட்டர்தானே இருக்கு?"

அந்தப் பேனா அத்தோடு முடிந்தது. போனது நல்லதுதான். எழுதுகோலோடு ஆயுதத்தையும் சேர்க்கிற அந்தச் சரக்கு நம் பாட்டன் காலத்திலேயே உண்டு. எழுத்தாணியில் குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி என்று வகைகள் இருந்தன. மடக்கெழுத்தாணியில் ஒரு பக்கம் ஆணி, மறுபக்கம் ஓலை வாரக் கத்தி, இரண்டையும் மடக்கி இடுப்பில் செருகிக்கொள்ளலாம். மை தீராது, உறையாது, கசியாது. ஓலையில் கீறிவிட்டு அப்புறம் கரியைத் தடவினால் எழுத்து எழுந்து வரும். ஏட்டைக் கரையான் தின்றதாகக் கேள்விப்பட்டிருக்கிறோம், எழுத்தாணி மக்கர் செய்ததாக யாரும் சொன்னதில்லை. ஆனால் என் அவசரப் பைக்குள் பனை மரத்தை எப்படித் திணிப்பது?

அடுத்து விண்வெளிப் பேனா. அமெரிக்காக்காரன் கோடி கோடியாகக் கொட்டிப் பேனா கண்டுபிடித்தான், ரஷ்யாக்காரன் பென்சிலை எடுத்துக்கொண்டு போனான் என்று வாட்ஸ்அப்பில் மாமா அனுப்புவாரே, அது பாதிக்கு மேல் கதை. அந்தப் பேனாவைத் தன் சொந்தக் காசில் செய்தவர் பால் ஃபிஷர் என்கிற வியாபாரி. நாசா அதை வாங்கி 1968இல் அப்பல்லோ 7இல் அனுப்பியது. மறு வருஷம் ரஷ்யர்களும் வாங்கினார்கள். எடையில்லாத இடத்தில் பென்சில் முனை உடைந்தால் மிதந்து போய்க் கண்ணிலோ கருவியிலோ விழும், கிராஃபைட்டில் மின்சாரமும் பாயும். அதனால்தான் இந்தப் பேனா. மைக்குழலுக்குள் நைட்ரஜன் வாயுவை அடைத்து மையைப் பின்னாலிருந்து தள்ளுகிறார்கள். சாதாரண பால்பாயின்ட் பேனாவுக்கு மையைக் கீழே இறக்குவது புவியீர்ப்புதான். இதற்கு அது வேண்டாம், தலைகீழாகவும் எழுதும். மைனஸ் 34 டிகிரியிலிருந்து 121 டிகிரி வரை தாங்கும் என்கிறார்கள். ஆனேக்கல் மார்கழிக் குளிருக்கு இது போதும் என்று பட்டது.

ஆனால் நிலாவில் உயிர் காத்த பேனா இதுவல்ல. 1969இல் ஆல்ட்ரினும் ஆம்ஸ்ட்ராங்கும் நிலாவில் நடந்துவிட்டு ஓடத்துக்குள் ஏறிப் பார்த்தால், கிளம்பும் எஞ்சினுக்கான சுவிட்சின் குமிழ் உடைந்து தரையில் கிடக்கிறது. உலோகத்தை விட்டு நோண்டினால் ஷாக் அடிக்கும். ஆல்ட்ரின் தோள் பையில் இருந்த ஸ்கெட்ச் பேனாவை எடுத்து அந்த ஓட்டையில் அழுத்தினார், வேலை முடிந்தது. மனித குலத்தின் மாபெரும் பயணம் வீடு திரும்பியது ஒரு ஸ்கெட்ச் பேனாவால். அதை என் மகளிடம் சொன்னேன். "அப்போ என் ஸ்கெட்ச்ச எடுத்துக்கிட்டுப் போகாதீங்க" என்றாள்.

படித்தது போதாதென்று சோதனையும் நடத்தினேன். வீட்டில் இருந்த பேனாக்களையெல்லாம் ஒரு ராத்திரி ஃபிரிட்ஜில் வைத்தேன், ஒரு பகல் வாளித் தண்ணீரில் போட்டேன். சாப்பாட்டு மேஜைக்கு அடியில் மல்லாந்து படுத்து, பலகையில் எழுதிப் பார்த்தேன். பால்பாயின்ட் ஒரு வரி எழுதிவிட்டு மூச்சை நிறுத்தியது. ஜெல் பேனா வழவழவென்று எழுதும், ஆனால் மை தண்ணீர் கலந்தது. ஒரு சொட்டு பட்டதும் 'ஓ பாசிட்டிவ்' என்பது நீலப் பூவாக விரிந்துவிட்டது. மை ஊற்றும் பேனாவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு குதித்தேன். அந்தச் சட்டை இப்போது ஸ்கூட்டர் துடைக்கிறது. அழியாத மைக்கு எங்கள் கர்நாடகத்தை மிஞ்ச ஆளில்லை. 1962இலிருந்து தேர்தலில் விரலில் வைக்கிற மை மைசூரு பெயின்ட்ஸ் தொழிற்சாலையில்தான் தயாராகிறது. ஆனால் அதைக் கடையில் விற்க மாட்டார்கள், என்னைப் போன்றவனுக்கு ஒரு விரல் அளவுதான்.

கடைசியில் மனைவிக்குத் தெரியாமல், இரண்டு காஸ் சிலிண்டர் விலையில் நைட்ரஜன் அடைத்த பேனா ஒன்றை வரவழைத்தேன். ஃபிரிட்ஜ், வாளி, மேஜையடி எல்லாவற்றிலும் முதல் வகுப்பில் தேறியது.

அந்த ஞாயிறு முத்யாலமடுவு அருவிக்குப் போவதாகத் திட்டம். ஊரிலிருந்து ஐந்து கிலோமீட்டர்தான். காலையில் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தோம். கையில் ஏதோ விண்ணப்பத்தோடு ஒரு பெரியவர் என் சட்டைப் பையைப் பார்த்தார்.

"பென் இதியா சார்?"

பேனா வைத்திருப்பவன் இல்லை என்று சொல்ல முடியுமா? கொடுத்தேன். பஸ் வந்தது. ஓடி ஏறி, சீட்டுப் பிடித்து, டிக்கெட் வாங்கி, ஊர் எல்லை தாண்டிய பிறகு சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன். மைனஸ் 34 டிகிரி தாங்கும் பேனா, ஆனேக்கல் பஸ் ஸ்டாண்டில் நாலு நிமிஷம் தாங்கவில்லை. அவர் மேல் குற்றமில்லை. மறந்தவன் நான்.

அருவிக்கு இறங்கும் படிகளில் தூறல் பிடித்துக்கொண்டது. விசில் பொறுப்பாளர் வழுக்கி விழுந்தார். கணுக்கால் கொழுக்கட்டையாக வீங்கியது. பள்ளத்தில் சிக்னல் இல்லை. மேலே போகிற ஒரு பையனிடம் நம்பரும் விவரமும் எழுதிக் கொடுத்தால், அவன் ஆட்டோவுக்கும் வீட்டுக்கும் சொல்லிவிடுவான். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"பேனா எங்கடா?"

அந்த நேரத்தில் என் முகம் எப்படி இருந்திருக்கும் என்பதை உங்கள் கற்பனைக்கே விடுகிறேன்.

குடும்பத்தோடு அருவி பார்க்க வந்த ஒருவர் எங்களைத் தாண்டிப் போனார். ஓசூர்ப் பக்கத்துத் தமிழ். ஞாயிற்றுக்கிழமை, புதுச் சட்டை, ஆனாலும் காதில் பென்சில். ஆசாரிகளின் தட்டைப் பென்சில், வைத்த இடத்திலிருந்து உருளாதது. கேட்டதும் எடுத்துக் கொடுத்தார். பிஸ்கட் அட்டையின் உள்பக்கத்தில் எழுதினேன். தூறல் பட்டது, எழுத்து கரையவில்லை. பையன் ஓடினான். முக்கால் மணியில் ஆட்டோ வந்தது.

நான் பென்சிலோடு யோசனையில் நின்றிருந்தேன். அவர் போகவில்லை. கையை நீட்டியபடி பக்கத்திலேயே நின்றார்.

"பென்சிலக் குடுங்க சார். நாளைக்கு வேலை இருக்கு."

குளிரையும் மழையையும் தாங்குமா என்று ஒரு மாதம் சோதித்த நான், 'இரவல் தாங்குமா' என்று சோதிக்கவே இல்லை. நம் நாட்டில் ஒரு பேனாவுக்கு வருகிற ஆபத்துகளில் முதலாவது அதுதான். வங்கிகளில் மேஜையோடு நூல் கட்டி வைத்திருப்பது சும்மாவா? பல இடங்களில் நூல் மட்டும் பத்திரமாக இருக்கிறது.

எங்கள் பையில் இப்போது ஒரு தட்டைப் பென்சில், ஒரு சாதாரண பால்பாயின்ட், தோலில் கோடு போட ஒரு பெர்மனென்ட் மார்க்கர் இருக்கின்றன. மூன்றும் சணலால் பையோடு முடிச்சிட்டவை. கிடந்தால் பால்பாயின்ட் மை இறுகும், மார்க்கர் காயும். அதனால் ஆயுத பூஜைக்கு ஒரு முறை, உகாதிக்கு ஒரு முறை கிறுக்கிப் பார்க்கிறேன். பென்சிலைச் சீவி வைத்தால் போதும்.

நீங்களும் ஒன்று வாங்கிப் பையில் போடுங்கள். யாராவது கேட்டால் தாராளமாகக் கொடுங்கள். பஸ் வந்தாலும் ஏறாதீர்கள்.