மூணாவது நம்பருக்கு ஒரு கும்புடு போடு, பேராண்டி

பேராண்டி, நீ அப்டேட் போடாதடா. நான் சொல்றேன், போடவே போடாத. "அது வெறும் மெயின்டனன்ஸ் ரிலீஸ், அதுல புதுசா ஒண்ணுமே இல்ல, அப்புறம் பாத்துக்கலாம்"னு காலையில போன்ல கத்தினியே, திண்ணை தாண்டி டீக்கடை வரைக்கும் கேட்டுச்சு. ஒண்ணும் புதுசா இல்லாததைப் போட்டு இன்னா பண்ணப் போற? பழைய பக்குங்க எல்லாம் பழகின பக்குங்க. எது எப்போ கவுக்கும்னு உனக்கும் தெரியும், உன் கஸ்டமருக்கும் தெரியும். அதுங்களைத் தொரத்திவுட்டா ராத்திரி ரெண்டு மணிக்கு உன்னைப் போன்ல எழுப்ப யாரு இருக்கா?

சென்னைக் கம்பெனில சம்பளம், திண்டிவனத்துக்கு இந்தாண்ட வூட்டுத் திண்ணையில வேலை. உனக்குப் புத்தி சொல்ல அஞ்சாங்கிளாஸ் கிழவன் எனக்கு இன்னா தகுதி? ஆனா நீ மீட்டிங்ல பேசறதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் பாதி பைத்தான் வந்துடுச்சு. மீதிப் பாதி எதிர்வூட்டுப் பொண்ணு குடுத்தது. லீவு நாள்ல அது விழுப்புரத்துக்கு பஸ் ஏறுதே, எங்க போவுதுன்னு நெனச்ச? அங்க குனு லினக்ஸ் பயனர் குழுன்னு ஒண்ணு இருக்கு. வி.ஜி.எல்.யு.ஜி.ன்னு சொல்லுதுங்க. கிராமத்துப் புள்ளைங்களுக்குக் கட்டற்ற மென்பொருள் கத்துத் தராங்க. நீ எத்தினி லட்சம் கட்டிப் படிச்சன்னு நான் கேக்கல. கேட்டா உங்கப்பன் அழுவான்.

மொதல்ல நம்பரைப் பத்திச் சொல்றேன். பைத்தான்ல மூணு நம்பர், நடுவுல ரெண்டு புள்ளி. மொத நம்பர் மாறினா எழுதினதையெல்லாம் திரும்ப எழுதணும், அது எப்பவோ ஒருவாட்டி. ரெண்டாவது நம்பர் வருஷா வருஷம் அக்டோபர்ல மாறும். 2025 அக்டோபர்ல 3.14 வந்தப்போ வட்டத்தோட நம்பர் வந்துடுச்சுன்னு கணக்கு வாத்தியாருங்களுக்கு ஒரே குஷி. மூணாவது நம்பர் ஏறக்குறைய ரெண்டு மாசத்துக்கு ஒருவாட்டி சத்தமில்லாம மாறும். அதுக்கு உங்க ஆபீஸ்ல கேக் வெட்டமாட்டாங்க. மத்தவன் உண்டாக்கின குப்பையைக் கூட்டி அள்ளினவன் வேலை எல்லாம் அந்த மூணாவது நம்பர்லதான் இருக்கு.

நம்பர்னு சொன்னதும் ஞாபகம் வருது. யாமல் ஃபைல்ல 3.10ன்னு மேற்கோள் குறி போடாம எழுதிட்டு, மிஷின் அதை 3.1ன்னு படிச்சிடுச்சுன்னு ராத்திரி பூரா பொலம்பினியே. 3.10ம் 3.1ம் ஒண்ணுதான்னு உனக்குச் சின்ன வயசுல சொல்லிக் குடுத்தது நாந்தான். அந்த யாமலும் என்கிட்டதான் படிச்சிருக்கும் போல.

எங்களுக்கும் வெர்ஷன் உண்டுடா. டி.எம்.வி.ன்னா இன்னா? திண்டிவனம். நம்மூரு எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வுட்ட மல்லாட்டை ரகத்துக்கெல்லாம் அந்த மூணு எழுத்துதான் பேரு. 1940ல டி.எம்.வி. 2. குடியாத்தம் கொத்துன்னு ஒரு மல்லாட்டைல இருந்து பொறுக்கி எடுத்தது. அது கர்நாடகா, ஆந்திரான்னு போய் எத்தினியோ வருஷம் கொடி கட்டிப் பறந்துச்சு. 1967ல டி.எம்.வி. 7. கையெழுத்துப் போடத் தெரியாதவன்கூட விதைக் கடையில நம்பர் சொல்லித்தான் கேப்பான். ஆனா பாரு, எங்களுக்கு ரெண்டாவது புள்ளியே கிடையாது. "டி.எம்.வி. 7.0.1: டிக்கா இலைப்புள்ளி வருவது சரிசெய்யப்பட்டது, விதையை மாற்றத் தேவையில்லை, ராத்திரி தானாக இறங்கிவிடும்"னு எவனாவது எங்களுக்குச் சீட்டு அனுப்பினானா? வெதைச்சது வெதைச்சதுதான். இலையில புள்ளி வுழுந்தா மருந்தடி, இல்லன்னா அடுத்த ரகம் வர்ற வரைக்கும் வானத்தைப் பாத்து உக்காரு. உனக்கு ரெண்டு மாசத்துக்கு ஒருவாட்டி வூடு தேடி வைத்தியம் வருது, அதுவும் ஓசியில. "ரிமைண்ட் மீ லேட்டர்"னு அமுக்கிட்டு டீ குடிக்கப் போற.

சரி, மூணாவது நம்பர் இன்னாதான் கிழிக்கும்னு கேக்குறியா? 2011 ஜனவரி. பி.எச்.பி.ன்னு உன் ஒண்ணுவிட்ட தாத்தா காலத்துப் பாஷை, இன்னிக்கும் பாதி உலகம் அதுலதான் ஓடுது. அதுக்கு ஒரு நம்பர் ஆகாது. 2.2250738585072011ன்னு எழுதி, பத்தின் மைனஸ் 308 அடுக்குன்னு போடணும். சைபருக்கு மேல ஒரு துக்கிணி. இந்த ஒரே நம்பரை எவனாவது ஒரு படிவத்துல எழுதி அனுப்பினான்னா, சில பழைய இன்டெல் மாதிரி மிஷின்ல பி.எச்.பி. அதைப் படிக்க ஆரம்பிச்சு முடிக்கவே முடிக்காது. ப்ராசஸர் உள்ளுக்குள்ள கூடுதல் இலக்கம் வச்சுக் கணக்குப் போடும், வெளிய எடுக்கும்போது உதிர்த்துடும். சரியான வெடைய நெருங்கிட்டமான்னு பாக்கிற லூப்புக்கு ஒருநாளும் திருப்தி வராது. சர்வர் சுத்திக்கினே கெடக்கும். ஜனவரி 6ம் தேதி 5.3.5 வந்துச்சு, 5.2ல இருந்தவனுக்கு 5.2.17. அவ்ளோதான். புதுசா ஒண்ணுமே இல்ல. உன் பாஷையில சொன்னா, "அப்புறம் பாத்துக்கலாம்."

இப்போ நீ சிரிச்சிக்கினே "சரி தாத்தா, வந்த ஒடனே போட்டுடறேன்"னு சொல்லுவ. அப்படியும் போடாத.

அதே வருஷம் ஆகஸ்ட் 18. பி.எச்.பி. 5.3.7. தொண்ணூறு பக்குக்கு மேல சரி பண்ணிட்டோம், எல்லாரும் மாறுங்கன்னு தண்டோரா போட்டாங்க. உள்ள பாஸ்வேர்டை அரைக்கிற ஃபங்ஷன் ஒண்ணு, கிரிப்ட்டுன்னு பேரு. பாஸ்வேர்டை அப்படியே எழுதி வைக்கக் கூடாது இல்லியா, அதோட சால்ட்டுன்னு ஒரு துண்டைச் சேத்து அரைச்சுத்தான் வைப்பாங்க. கோடை அலசிப் பாக்கிற கருவி ஒண்ணு இந்த இடத்துல மொனகிக்கினே இருந்திருக்கு. அதோட வாயை அடைக்க, எழுத்தை ஒட்டுற பழைய ஃபங்ஷனை எடுத்துட்டு பத்திரமான ஃபங்ஷன் ஒண்ணைப் போட்டாங்க. பத்திரமானதுக்கு எவ்ளோ எடம் இருக்குன்னு அளவு சொல்லணும். அந்த அளவைத் தப்பாக் குடுத்துட்டாங்க. முடிஞ்சுது. எம்.டி.5 முறையில கேட்டவனுக்கு அரைச்ச மாவு வரல, சால்ட்டு ஒண்டி திரும்பி வந்துச்சு.

அதோட அழகைக் கேளு. பழைய ஆள் சரியான பாஸ்வேர்டைப் போட்டாலும் உள்ள போவ முடியாது, ஏன்னா அவனோடது ஏற்கெனவே ஒழுங்கா அரைச்சு வச்சது. அப்டேட்டுக்கு அப்புறம் சேந்த புது ஆள் கணக்குல எவன் எந்த பாஸ்வேர்டைப் போட்டாலும் உள்ள போவலாம், ஏன்னா அங்கயும் சால்ட்டு, இங்கயும் சால்ட்டு. இதைக் கண்டுபிடிக்கிற டெஸ்ட்டு அவங்ககிட்ட இருந்துச்சுடா! அது "தப்பு தப்பு"ன்னு சொல்லவும் சொல்லிச்சு. ஆனா அப்போ வேற டெஸ்ட்டுங்களும் ஏராளமா அழுதுக்கினு கெடந்துச்சு. அந்த அழுகையில இது எவன் காதுலயும் வுழல. "யாரும் 5.3.7 போடாதீங்க"ன்னு ஆகஸ்ட் 22ல எழுதினாங்க, 23ல 5.3.8 வந்துச்சு. உங்க டீம்லயும் எப்பவும் செவப்பா எரியிற டெஸ்ட்டு பதினாறு இருக்காமே? "அது எப்பவுமே ஃபெயில்தான், கண்டுக்காத"ன்னு புதுசா வந்த புள்ளைக்கு நீ பெருமையாச் சொன்னதும் தெருவுக்குக் கேட்டுச்சு.

பைத்தான்காரங்க மட்டும் உத்தமம்னு நெனைக்காத. 2.2 வந்தது 2001 டிசம்பர்ல. நாலு மாசம் கழிச்சு 2.2.1, பக்கு சரிபண்ற ரிலீஸு. அதுல போறபோக்குல ட்ரூ, ஃபால்ஸ்னு ரெண்டு பேரையும் உள்ள நொழைச்சுட்டாங்க. நல்லெண்ணந்தான். ஆனா 2.2.1ல ட்ரூன்னு எழுதின ப்ரோக்ராமு 2.2ல போய் "யாரு அந்த ட்ரூ?"ன்னு முழிச்சுச்சு. ரெண்டும் ஒரே 2.2ன்னு நெனச்சவன் எல்லாம் மாட்டிக்கினான். அதுக்கப்புறம்தான் மூணாவது நம்பர்ல திருத்தம் ஒண்டிதான், புதுச் சரக்கு கூடாதுன்னு பிடிவாதமா நின்னாங்க. பக்கு சரிபண்ண அனுப்பினா கூடவே நாலு "சின்ன இம்ப்ரூவ்மென்ட்" பண்ணிட்டு வருவியே, உங்க லீடு தலையில அடிச்சிக்கிறது இதுக்குத்தான் ராசா.

அந்தப் பிடிவாதமும் ஒருநாள் வளைஞ்சுது. 2022 செப்டம்பர், 3.10.7. அதுக்கு மொத நாள் வரைக்கும் எவ்ளோ நீளமான நம்பரா இருந்தாலும் பைத்தான் எழுத்தா மாத்திக் குடுக்கும். அன்னிக்கு இருந்து 4300 இலக்கத்துக்கு மேல போனா மாட்டேன்னுடுச்சு. ஏன்னா இலக்கம் ரெண்டு பங்கானா நேரம் நாலு பங்காவும். லட்சக்கணக்கான இலக்கத்தை எழுதி எவனாவது வெளியூரான் சர்வருக்கு அனுப்பினா அது மூச்சு முட்டும். பழைய 3.7 வரைக்கும் இந்தக் கட்டுப்பாட்டைக் கொண்டுபோய் வச்சாங்க. நம்ம எதிர்வூட்டுப் பொண்ணு ஃபேக்டோரியல் போட்டுப் பாத்துச்சு. ஆயிரத்துக்கு 2568 இலக்கம், வந்துடுச்சு. ரெண்டாயிரத்துக்கு 5736 இலக்கம். கணக்கெல்லாம் போட்டுடுச்சு, எழுதிக் காட்டச் சொன்னா வேல்யூ எர்ரர். அந்தப் பொண்ணு அழல. ரிலீஸ் நோட்ஸைத் திறந்து படிச்சுது, எல்லையை ஏத்திக்க ஒரு ஃபங்ஷன் வச்சிருக்காங்கன்னு கண்டுபிடிச்சுது, ஏத்திக்கிச்சு. இப்படி மூணாவது நம்பர்ல ஓடின ப்ரோக்ராமை நிறுத்தலாமான்னு கணக்குக்காரங்க சண்டை போட்டாங்க. எனக்கு ரெண்டு பக்கமும் நியாயமாத்தான் படுது. நீ எந்தப் பக்கம்? உனக்கு இப்படி ஒரு சண்டை நடந்ததே தெரியாதே.

இன்னொண்ணு. பக்குன்னு நீ நெனைக்கிறது எல்லாம் பக்கு இல்ல. "விழுப்புரம்"னு எழுதி நீளம் இன்னான்னு கேட்டா பைத்தான் 11ன்னுது. விரல் வுட்டு எண்ணு, ஆறு எழுத்து. "திண்டிவனம்" 10ங்குது, அதுவும் ஆறுதான். கொம்பு, சுழி, புள்ளி எல்லாத்தையும் தனித்தனியா யூனிகோடுல எண்ணுது. அடுத்த பேட்ச்ல திருத்திடுவாங்களான்னு அந்தப் பொண்ணைக் கேட்டேன். "திருத்தமாட்டாங்க தாத்தா. அது அப்படி எண்ணும்னு நம்பி உலகம் பூரா கோடு எழுதி வச்சிருக்கு. நமக்கு எழுத்தா எண்ணணும்னா ஓப்பன் தமிழ்னு ஒரு லைப்ரரி இருக்கு"ன்னுச்சு. எழில்னு தமிழ்லயே ஒரு பாஷை பண்ணாரே முத்து அண்ணாமலை, அவரு கைவண்ணம் அதுலயும் உண்டு. எழில்ல அச்சடிக்க "பதிப்பி"ன்னு எழுதினாப் போதுமாம். எனக்கே புரியுது, உனக்குப் புரியுமான்னுதான் சந்தேகம்.

அதனால இன்னா பண்ணணும்னா, ஒண்ணும் பண்ணாத. பண்ணியே தீருவன்னா ரிலீஸ் நோட்ஸைப் படி. நீட்டு பட்டியல்தான், பாதி "இது க்ராஷ் ஆவாது இனிமே", மீதி "ஆவணத்துல எழுத்துப்பிழை". அதுல உன் கோடு தொடுற ரெண்டு வரி இருக்கும். டெஸ்ட் சர்வர்ல போடு, செவப்பு டெஸ்ட்டை மொதல்ல பச்சையாக்கு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் போடாத, சனிக்கிழமை என்னை மயிலம் கூட்டிப் போறேன்னு வாக்குக் குடுத்திருக்க. எழுத்துப்பிழை கண்ணுல பட்டா திருத்தி அனுப்பு. பைத்தான் மூலத்துக்குள்ள ஏ.சி.கே.எஸ்.னு ஒரு ஃபைல் இருக்கு, ஒத்தாசை பண்ணவன் பேரெல்லாம் அதுல வரிசையா நிக்குது. உன் பேரு இப்போதைக்கு உன் கழுத்துல தொங்குற பேட்ஜ்ல ஒண்டிதான் இருக்கு.

கடைசியா, உங்க மூலையில ஓடுதே அந்தப் பழைய சர்வரு, "அதைத் தொடாத, யார் வச்சதுன்னே தெரியாது"ன்னு சொல்லுவியே. போய் அதுல பைத்தான் வெர்ஷன் கேளு. 2.7.18னு வந்தா, அதுதான் அந்த வரிசையில கடைசி, 2020 ஏப்ரல் 20ல வந்துச்சு, அதுக்கு மேல திருத்தம் கிடையாது. மேனேஜர்கிட்ட சொல்லி மாத்தப் பாரு. 2.7.6னு வந்தா, எதிர்ல இருக்கிறவன் சர்டிஃபிகேட் நெசந்தானான்னு சரிபாக்கிறது 2014 டிசம்பர்ல 2.7.9லதான் வந்துச்சு. உங்க சர்வரு இத்தினி வருஷமா எவன்கிட்ட வேணா நம்பிப் பேசிக்கினு இருக்கு. அதையும் மேனேஜர்கிட்ட சொல்லத்தான் வேணும். ஆனா அப்ரைசல் முடியட்டும்.