பனங்காயும் இரண்டாம் கியரும்

இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியாருக்கான கார்கள் மறுபடி வரத் தொடங்கியது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில் எங்கள் வீட்டு ஆல்டோ நின்ற இடத்திலேயே வாங்கிய விலையைத் தாண்டிப் போய்விட்டது. மற்ற நாடுகளில் காரைக் காட்சியறையில் இருந்து வெளியே எடுத்ததுமே பெறுமதி இறங்குமாம். எங்களுக்கு அது முற்றத்தில் நிற்கிற காணித்துண்டு. அதைக் கொண்டுபோய்ப் பந்தயம் ஓடப் போகிறேன் என்று சொன்னால் மனைவி என்ன செய்வாள்? 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் காட்டிக் கிழமைக்கு 20 லீற்றர் பெற்றோல் வாங்க, வெயிலில் வரிசை பிடித்தவள் அவள்.

"இஞ்சேருங்கோ, உங்களுக்கு எத்தின வயசு?" என்று மட்டும் கேட்டாள்.

ஆசையைக் கிளப்பியவன் மருமகன். அநுராதபுரம் சாலியபுரத்தில் கஜபா படையணி நடத்தும் சுப்பர்குரொஸ் பார்க்க, மன்னாரிலிருந்து மதவாச்சி வழியாக என்னை இழுத்துப்போனான். மோட்டார்ப் பந்தயம் இந்த நாட்டுக்குப் புதிதல்ல. நுவரெலியாவில் மஹகஸ்தொட்ட மலையேற்றப் போட்டி 1934 இலேயே தொடங்கிவிட்டது. ஆனால் சாலியபுரத்தில் புழுதி கிளப்பிய கார்கள் வேறு சாதி. உள்ளே இரும்புக் கூண்டு, ஓட்டுகிறவருக்கு மட்டும் இருக்கை. வருவதும் லொறியில், போவதும் லொறியில். 2024 ஏப்ரல் 21 அன்று தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் போட்டியில் கார் ஒன்று தடம் விலகிப் பார்வையாளர்களுக்குள் பாய்ந்து 7 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு அந்த வகை ஓட்டத்தை வேலிக்கு இப்பால் நின்று பார்க்கக்கூட எனக்கு மனம் முழுதாக ஒப்பவில்லை.

"அப்ப ஓட்டோகுரொஸ்தான் உங்களுக்குச் சரி, மாமா" என்றான் மருமகன்.

வெட்டவெளியில் கூம்புகளை வைப்பார்கள். ஒரு நேரத்தில் ஒரு கார்தான் ஓடும். கூம்புகளுக்கு இடையால் வளைந்து நெளிந்து ஆகக் குறைந்த நேரத்தில் வந்து சேர வேண்டும். ஒன்றைத் தட்டினால் இரண்டு வினாடி தண்டம். ஒரு ஓட்டம் ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். பெரும்பாலும் இரண்டாம் கியருக்கு மேல் போக இடமிருக்காது. சந்தைக்குப் போகிற காரே போதும், தலைக்கு ஹெல்மெட் இருந்தால் சரி. கேட்கக் கேட்க, தலைமன்னார் வீதியில் இரவில் நாங்கள் எல்லோரும் செய்துவருவது இதைத்தானே என்று பட்டது. அங்கே கூம்பு, இங்கே கழுதை. அரபு வணிகர் கொண்டுவந்து விட்டதாகச் சொல்லப்படும் எங்கள் கழுதைகளுக்கு நடுவீதிதான் பள்ளியறை. கூம்பு வைத்த இடத்தில் இருக்கும். கழுதையோ நீங்கள் கிட்டப் போனதும் எந்தப் பக்கம் நகரலாம் என்று யோசிக்கும். யோசித்து, நீங்கள் திருப்பிய பக்கத்தையே தெரிவு செய்யும். இத்தனை ஆண்டுப் பயிற்சியோடு ஒருவன் களமிறங்கினால் வெளியூர்க்காரர் என்ன ஆவார்கள்?

கார் கெட்டுவிடும் என்பது மனைவியின் கட்சி. கெடாது என்பதற்கு எனக்குச் சரித்திரச் சான்று இருந்தது. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் மண்ணெண்ணெயில் கார் ஓட்டியவர்கள் எங்கள் ஆட்கள். கார்பரேட்டருக்குள் சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, புகை கக்கக் கக்க மொரிஸ் மைனர்கள் கலியாண வீட்டுக்குப் போய்வந்தன. அவற்றோடு ஒப்பிட்டால் இரண்டாம் கியரில் ஒரு நிமிடம் ஆல்டோவுக்குச் சுற்றுலா. மனைவி வாதத்தில் தோற்கவில்லை; தவணை போட்டாள். ஓகஸ்ட் 15 மடுப் பெருவிழாவுக்கு மாமியை ஏற்றிப்போய் வந்த பிறகு என்னவும் செய்யலாம்.

அந்தத் தவணை எங்களுக்கு வாய்ப்பாகப் போனது. ஆவணியில் பனம்பழம் விழும். கூம்புக்குக் காசு செலவழிப்பானேன்? பேசாலைப் பக்கம் உறவினர் ஒருவரின் காணியில், முன்பு கருவாடு காயப்போட்ட இறுகிய நிலத்தில், மருமகன் பனம்பழங்களை வளைவு வளைவாக அடுக்கினான். தட்டினாயா இல்லையா என்ற வழக்கே கிடையாது. தட்டினால் பம்பரில் மஞ்சளாக அப்பியிருக்கும், மணமும் சாட்சி சொல்லும்.

ஓடுவதற்கு முன் வாகனப் பரிசோதனை என்று ஒன்று உண்டு. பற்றரி ஆடக்கூடாது, சில்லு நட்டுகள் இறுக்கமாக இருக்க வேண்டும், பிரேக் மிதித்தால் பஞ்சாக அமுங்கக்கூடாது, காருக்குள் உருளக்கூடியது எதுவும் இருக்கக்கூடாது. சீட்டுக்கு அடியிலிருந்து மாமியின் குடை, மடுவிலிருந்து வந்த மெழுகுதிரி, முளைவிட்ட ஒரு தேங்காய் எல்லாம் வெளியே வந்தன. கடைசியாகக் கால்விரிப்பைத் தூக்கினான். காரின் தரைக்கூடாகப் பேசாலையின் தரை தெரிந்தது.

இருவரும் கொஞ்ச நேரம் அந்த ஓட்டையைக் குனிந்து பார்த்தோம். ஒரு நண்டு போனது.

ஓட்டம் எப்படி? கண் போகும் இடத்துக்குக் கார் போகும் என்பதுதான் முதல் பாடம். "மாமா, பழத்தப் பாக்காதேங்கோ, போற வழியப் பாருங்கோ!" என்று மருமகன் கத்துவான். பழத்தைப் பார்க்காதே என்றால் பழம்தானே தெரிகிறது. அவசரப்பட்டு ஸ்டியரிங்கை ஒடித்தால் முன்சில்லுகள் திரும்பியபடியே நேராக வழுக்கும். வளைவுக்கு முன்பே பிரேக் பிடித்து, மெதுவாக நுழைந்து, நிமிர்ந்த பிறகு மிதிக்க வேண்டும். என் பள்ளிக்கூடத்துச் சோக்கால் டயரின் தோளில் கோடு கீறியிருந்தான். பக்கச் சுவர் எவ்வளவு மடிந்து தரையில் உரசுகிறது என்று அந்தக் கோடு அழிந்த அளவைக் கொண்டு சொல்லலாம். அதிகம் அழிந்தால் காற்றைக் கூட்ட வேண்டும். கூட்டிவிட்டு நிமிர்ந்தபோது தடத்தில் இரண்டு வளைவுகளைக் காணவில்லை. ஆடுகள் ஒரு பக்கத்தாலும் கழுதைகள் மறுபக்கத்தாலும் தின்றுகொண்டு வந்தன.

அடுத்த கிழமை கராஜில் மேசன் டோர்ச்சைப் பிடித்தபடி முன்டயரைத் தடவிப் பார்த்தார். மேசன் என்பது கராஜ்காரரின் பட்டப்பெயர். பூசி மெழுகுவதில் கெட்டிக்காரர்.

"சேர், தோள் தேஞ்சிருக்கு. எங்க ஓடினீங்கள்?"

சொன்னேன். பிரேக் பட்டையும் கிளச்சும் இனிச் சீக்கிரம் தேயும், சில்லுக்குப் போகிற அச்சின் ரப்பர் உறை கிழிந்தால் மணல் புகுந்து மூட்டையே அரைத்துவிடும் என்று வரிசையாக எச்சரித்தார். பிறகு ஜாக்கியில் தூக்கிவிட்டு அடியில் போனவர், பேசாமல் ஒரு திருப்புளியால் குத்தினார். அது உள்ளே போனது. இன்னோரிடத்தில் குத்தினார். அங்கேயும் போனது.

"இது பந்தயம் செய்த வேலையில்ல, சேர். இது கடல்."

மன்னார்த் தீவின் தென்கரையில் 2020 இன் இறுதியில் தொடங்கிய தம்பபவனியில் 30 காற்றாடிகள் சுழல்கின்றன. அவற்றைச் சுழற்றுகிற அதே சோளகம்தான் உப்பையும் மணலையும் கதவுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. தண்ணீர் வடியவென்று விட்ட துளைகளை மணல் அடைக்கும், ஈரம் தங்கும், உப்பு தின்னும். ஓடாமல் நிறுத்தி வைத்தாலும் தின்னும். அடிப்பக்கத்தை அடிக்கடி நல்ல தண்ணீரால் கழுவுங்கோ என்றார் மேசன். மன்னாரில் நல்ல தண்ணீர் கிடைத்தால் அதைக் காரின் அடியிலா ஊற்றுவார்கள்? கிணற்றுத் தண்ணீரால் கழுவினால், வெளியிலிருந்து வந்த உப்போடு வீட்டு உப்பும் சேரும். ஆக, பந்தயம் தின்றது டயரில் ஒரு விரலகலம். காணித்துண்டு என்று பத்திரமாக நிறுத்தி வைத்தபோது போனது முழுத் தரையும். இந்தக் கணக்கை மனைவியிடம் இன்னும் ஒப்படைக்கவில்லை.

காப்புறுதி முகவரிடம் மட்டும் பேசிப் பார்த்தேன்.

"இரவில கழுதையில அடிபட்டா காசு வருமோ?"

"முழுக் காப்புறுதிதானே சேர், வரும்."

"பகல்ல, ஹெல்மெட் போட்டு, சொந்தக்காரர்ட காணியில, இரண்டாம் கியர்ல பனங்காயில அடிபட்டா?"

பத்திரத்தைப் புரட்டி, பந்தயம், வேகச் சோதனை என்று இருந்த வரியில் விரலை வைத்தார்.

"அது வராது, சேர்." பத்திரத்தை மூடியவர் குரலைத் தாழ்த்தினார். "பக்கத்தில கழுதை ஒண்டும் நிக்கேல்லையோ?"