டொமைன் புணர்ச்சி விதிகள்: சனத்நகரை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

பல்கலைக்கழகம் தொடங்க நிலமும் சட்டமும் துணைவேந்தரும் போதும் என்றிருந்த காலம் மலையேறிவிட்டது. இன்று நான்காவதாக ஒரு டொமைன் வேண்டும். இந்தியாவில் ‘ஏ.சி.இன்’ என முடியும் பெயர்களைப் பதிவுசெய்து தருவது எர்நெட் நிறுவனம். முந்தியவருக்கே பெயர், பந்திக்குச் சொன்னது இதற்கும் பொருந்தும்.

2. அளவியல்

புள்ளிக்கும் புள்ளிக்கும் இடையே 63 எழுத்துக்கு மேல் கூடாது என்பது இணைய விதி. ஹைதராபாத் சனத்நகரில் 2016-இல் தொடங்கிய இ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரியின் பெயரை ஆங்கிலத்தில் விரித்து, இடைவெளியின்றி எழுதி எண்ணினோம். ‘எம்ப்ளாயீஸ் ஸ்டேட் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன் மெடிக்கல் காலேஜ் சனத்நகர்’ வரை 59 எழுத்து. ‘ஹைதராபாத்’ சேர்ந்தால் 68. பேட்டை உள்ளே நுழைகிறது; மாநகரம் வாசலில் நிற்கிறது. எனவே பெயர் சுருக்குதல் சோம்பலன்று, சட்டப்படியான கடமை என்பது பெறப்படும்.

3. புணரியல்

சுருங்கும் முறை நான்கு.

*இயல்பு:* பெயர் பெயராகவே நிற்பது. உஸ்மானியா அப்படி. காரைக்குடியில் ‘அழகப்பாயுனிவர்சிட்டி’ முழுவதையும் தட்டியாக வேண்டும். விரலுக்கு நல்ல பயிற்சி.

*தோன்றல்:* சனத்நகரை அடுத்த கூகட்பள்ளியின் ஜே.என்.டி.யு. பல்கலைக்கழகம் 2008-இல் பிரிந்தபோது ஹைதராபாத்துக்கு ‘எச்’, காக்கிநாடாவுக்கு ‘கே’, அனந்தபுரத்துக்கு ‘ஏ’ தோன்றின. கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் எழுத்துகூடத் தோன்றவில்லை; ‘பி’க்கும் ‘யு’வுக்கும் நடுவே சிறுகோடு தோன்றிற்று.

*திரிதல்:* 1857-இல் பிறந்த சென்னைப் பல்கலைக்கழகம் ‘யு.என்.ஓ.எம்.’ எனத் திரிந்து, ஐ.நா. சபையின் கிளையோ என ஐயுற வைக்கிறது.

*கெடுதல்:* இலங்கையில் காணலாம். யாழ்ப்பாணம் ‘ஜே.எஃப்.என்.’, மொறட்டுவை ‘எம்.ஆர்.டி.’, பேராதனை ‘பி.டி.என்.’ உயிர் போயினும் மெய் நிற்கும் என்பது இதன் தத்துவம்.

*புறனடை:* 1998-இல் தொடங்கிய ஹைதராபாத் ட்ரிபிள் ஐ.டி. ஊர்ப்பெயரே இன்றி வெறும் ‘ஐ.ஐ.ஐ.டி.’யாக வீற்றிருக்கிறது. பின்னால் வந்த அலகாபாத் ‘ஏ’யையும் தில்லி ‘டி’யையும் வாலாக ஒட்டிக்கொண்டன.

4. உட்பகையியல்

வளாகத்துக்குள் துறைகளுக்கு சப்டொமைன் தர எர்நெட்டைக் கேட்க வேண்டாம். தனிக் கட்டணமும் கிடையாது. கணினி மையத்தின் சர்வரில் ஒரு வரி சேர்த்தால் போதும். அந்த ஒரு வரிக்குத்தான் குழு, துணைக்குழு, சுற்றறிக்கை எல்லாம். ‘கெம்’ வேதியியலுக்கா, வேதிப் பொறியியலுக்கா? ‘பிஸ்’ இயற்பியலுக்கா, உடற்கல்விக்கா? பின்னதில் உடல்வலிமை முடிவுசெய்துவிடும் அபாயம் உண்டு.

5. பரிந்துரை

பெயரிடும் குழுவினரே, பதிவுக்கு முன் அந்தப் பெயரை யாருக்காவது போனில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். திருப்பிக் கேட்காமல் எழுதிக்கொண்டால் அன்றே பதிவுசெய்யுங்கள். “எஃப்பா சார், எஸ்ஸா?” என்று பதில் வந்தால் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவையுங்கள், அது உங்களுக்குப் பழக்கமான வேலைதான்.