மோட்டார் கெட்டுப்போச்சா?

லண்டன் குளிர் எலும்பைத் தொட ஆரம்பித்ததும் எங்கள் அத்தான் சுங்கைப் பட்டாணிக்கு வந்து இறங்கிவிடுவார். பிரிட்டிஷ் கடப்பிதழ் வைத்திருப்பவர் விசா இல்லாமல் 90 நாள் தங்கலாம் என்கிறது மலேசியச் சட்டம். அதில் ஒரு நாளைக்கூட அவர் வீணாக்கியதில்லை. அவருடைய ஒரே மனக்குறை பழுப்புக் கீச்சான் என்கிற பறவைதான். அதுவும் வடக்கே குளிர் தாங்காமல் வருகிற ஆள்தான். ஆனால் செப்டம்பரில் வந்து வேலிக் கம்பியில் உட்கார்ந்தால் ஏப்ரல் வரை குடிநுழைவுத் துறைப் பக்கம் தலைகாட்டுவதில்லை. “அதுக்கு மட்டும் ஏன் ஏழு மாசம்?” என்று என்னிடம் கேட்பார், நான்தான் முத்திரை குத்திக் கொடுத்த மாதிரி.

வந்த இடத்தில் அவருக்கு வேலை பறவை பார்ப்பது. அதையும் காசில்லாமல், கால்நடையாகப் பார்க்க வேண்டும். லங்காவிக்குப் போய் வழிகாட்டி வைத்து இருவாச்சி பார்க்கிறவர்களை அவர் மனிதராகவே மதிப்பதில்லை. ஜெராய் மலை 1,217 மீட்டர் உயரம், மேலே போனால் சமவெளியில் இல்லாத பறவைகள் இருக்கின்றன என்று ஆசை காட்டினேன். வண்டிக்கு எவ்வளவு என்று கேட்டார். அதன்பிறகு அந்த மலையைத் தூரத்திலிருந்து ரசிப்பதோடு சரி. ஆலன் ஜெயராஜசிங்கம் எழுதி 1999-இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்ட மேற்கு மலேசியப் பறவைக் கையேட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, “நம்ம ஆளு எழுதினது” என்று போகிற வருகிறவர்களிடம் காட்டுவார். புத்தகம் என்னுடையது.

கெடாவில் பறவை பார்க்கக் காசு தேவையில்லை என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். காலும் உண்டு, பறவையும் உண்டு. கஷ்டமெல்லாம் நடப்பதில்தான். இங்கே மூன்றாவது வீட்டுக்குப் போவதற்குக்கூட மோட்டாரை உதைக்கிற ஊர். வளர்ந்த மனிதர் ஒருவர் சடக்கோரமாக வெயிலில் நடந்து போனால் ஒன்று மோட்டார் கெட்டிருக்க வேண்டும், அல்லது வீட்டில் சண்டையாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் உதவி செய்ய ஆள் நிற்பார்கள்.

அலோர் ஸ்டார் போகும் கொமுட்டர் ரயிலில் குருண் தாண்டினால் கோபா என்று ஒரு ஸ்டேஷன். இறங்கினால் வயல்தான், முடா பாசனத்து வயல். கண்ணுக்கு எட்டும் வரை நெல், நடுவே வாய்க்கால், வாய்க்கால் கரைமேல் நாங்கள் இருவர். ஜனவரிக் கடைசியில் அறுவடை இயந்திரம் ஓட, அதன் பின்னால் கொக்குகள் சம்பளம் வாங்க நிற்பதுபோல் வரிசையாக நடக்கும். அங்கேதான் நத்தை குத்தி நாரையைக் கிட்டத்தில் பார்த்தோம். அதன் அலகை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கும், பாக்குவெட்டியைச் சரியாக மூடாமல் வைத்த மாதிரி. சேற்றில் அலகை விட்டுத் துழாவியது, ஒரு நத்தையைத் தூக்கியது, தரையில் வைத்து என்னவோ வித்தை செய்தது. ஓடு உடையவில்லை, சதை மட்டும் வெளியே வந்துவிட்டது. தென்னமெரிக்காவிலிருந்து வந்து நாற்றைத் தின்று விவசாயிகளை அழவைக்கிற தங்க ஆப்பிள் நத்தை அது. ஒரு தலைமுறைக்கு முன் இந்த நாரை இந்தப் பக்கம் கிடையாது. தாய்லாந்து வழியாகக் கூட்டம் கூட்டமாக வந்து, இன்று கெடா வயலில் சொந்தக்காரன் மாதிரி நடக்கிறது. வேடந்தாங்கலில் டிக்கெட் எடுத்துப் பார்க்கிற பறவை, இங்கே ஓசி என்று அத்தான் கணக்குப் போட்டார்.

அவர் அதை எழுதி முடிப்பதற்குள் ஒரு பாக்சிக் மோட்டாரை நிறுத்தினார். “மோட்டோர் ரோசாக் கா?” கெடவில்லை, பறவை பார்க்கிறோம் என்றேன். கொஞ்ச நேரம் எங்களையும் நாரையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மிகுந்த இரக்கத்தோடு, முன்னால் போனால் ஒரு கடையில் காடை நன்றாகப் பொரித்துத் தருவார்கள் என்று வழி சொல்லி, ஒருவர் பின்னால் ஒருவராக ஏறிக்கொள்ளச் சொன்னார். அத்தான் காடைக்கு எவ்வளவு என்று கேட்டார்.

டவுனில் இந்தத் தொல்லை குறைவு. சாயங்காலம் அஞ்சடியில் ஒரு தே தாரிக்கோடு உட்கார்ந்தால் போதும். தகைவிலான் குருவிகள் வந்து மின்கம்பியை நிரப்பும். கீழே கார் நிறுத்தியவர்கள் அலறுவார்கள். எதிர்க் கடையின் மேல்மாடியில் கீச்சுக் கீச்சென்று ஒரே சத்தம். அத்தான் ஆவலாகத் தொலைநோக்கியைத் தூக்கினார். பறவைக்கூடு வியாபாரி உழவாரக் குருவியை வரவழைக்க வைத்த ஒலிபெருக்கி அது. அதையும் பட்டியலில் சேர்க்கலாமா என்று அவர் யோசித்ததைப் பார்த்தேன்.

தோட்டத்துக்குக் கூட்டிப்போனதுதான் வினை. பீடோங் பக்கத்தில் என் பெரியம்மா குடும்பம் இருந்த தோட்டம். பால்மரம் இருந்த காலத்தில் அடியில் புதர் இருக்கும், புதரில் ஏதாவது கத்திக்கொண்டிருக்கும். இப்போது செம்பனை. அங்கே பறவை பார்ப்பது பட்டினி கிடப்பதற்குச் சமம். எலி பிடிக்கக் கம்பத்தில் பெட்டி கட்டிக் கூகையைக் குடிவைத்திருக்கிறார்கள். அது பகலில் முகம் காட்டாது. லயத்துப் பக்கம் வந்தால்தான் உயிர். மாட்டுக்குப் பக்கத்தில் உண்ணிக்கொக்கு, மாட்டின் முதுகில் மைனா, கோயில் அரசமரத்துக்கு மேலே கருடன். கருடனைக் கண்டதும் பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அத்தான் தொலைநோக்கியில் போட்டுக்கொண்டார்.

அத்தோடு சேதி லயம் முழுக்கப் பரவிவிட்டது. தொப்பி போட்டவர், கண்ணில் கருவி, கையில் நோட்டு, அண்ணாந்து பார்த்து எழுதுகிறார். தோட்டத்து மக்கள் இப்படிப்பட்டவரைப் பார்க்காதவர்களா? நிலத்தை அளக்க ஆள் வந்தால் தோட்டம் கைமாறப்போகிறது என்று அர்த்தம். காவலாளி ஓடிவந்து கடிதம் கேட்டார். ஒருவர், “யாருக்குங்க வித்தாங்க?” என்று நேராகவே கேட்டார். பறவை பார்க்கிறோம் என்று நான் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. “மேலிடத்துல சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருப்பாங்க” என்று எனக்கும் சேர்த்துச் சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். கோப்பி வந்தது, முறுக்கு வந்தது. “பசியாறிட்டுப் போங்க” என்று மூன்று வீட்டில் அழைத்தார்கள். செலவில்லாமல் கிடைத்ததால் அத்தானும் நாங்கள் யாரென்று அழுத்திச் சொல்லவில்லை.

கடைசி வீட்டுப் பாட்டிதான் விடவில்லை. அவர் வயதுக்கு, வீடு தருகிறோம் என்று வந்தவர்களின் எத்தனையோ நோட்டுகளில் பெயர் எழுதிக் கொடுத்திருப்பார். வீடு இன்னும் வரவில்லை. உள்ளே போய் அடையாள அட்டையை எடுத்து வந்து அத்தான் முன்னால் நீட்டினார். “எழுதிக்குங்கய்யா.” அத்தான் என்னைப் பார்த்தார். நான் மைனாவைப் பார்த்தேன். வெண்மார்பு மீன்கொத்திக்கும் செம்போத்துக்கும் நடுவில் பாட்டியின் பெயரையும் எண்ணையும் எழுதினார். பாட்டி எட்டிப் பார்த்து, எண்ணை ஒருமுறை சரிபார்த்து, “மூணு அறை வேணும். மாடி வேணாம், முட்டி வலி. அதையும் போடுங்க” என்றார்.