ஐம்பது காசுக்கு ஆறு சேனல்

பிடித்த சேனலை நீங்களே தேர்ந்தெடுக்கலாம், பார்ப்பதற்கு மட்டும் காசு கொடுத்தால் போதும். 2019 பிப்ரவரி 1 முதல் இந்தியக் குடிமக்கள் அனுபவித்துவரும் உரிமை இது. ஓட்டுரிமைக்கு அடுத்து நமக்கு வாய்த்த பெரிய உரிமை என்றே சொல்லலாம். தேர்ந்தெடுத்த பிறகு நடப்பதும் ஏறக்குறைய அதேதான்.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த ஏற்பாடு அது. சேனல் நிறுவனங்கள் உச்ச நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தன. 2018 அக்டோபரில் டிராய் ஜெயித்தது. காகிதத்தில் படித்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தோன்றும். ஒவ்வொரு சேனலுக்கும் தனித்தனி எம்.ஆர்.பி. வேண்டியதை எடு, வேண்டாததை விடு. அதற்கு முன்னால் 130 ரூபாயை எடுத்து வை என்றார்கள் 2019இல். அது எதற்கு? நெட்வொர்க் கட்டணம். ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்து 153 ரூபாய் 40 காசு. அன்றைக்கு 100 சேனல் வரை வீட்டில் கொண்டுவந்து இறக்குவதற்கான கூலி. கட்டணச் சேனல் ஒன்றுகூட வேண்டாம், இலவசச் சேனல்களே போதும் என்று கையெடுத்துக் கும்பிட்டாலும் 153 ரூபாய் 40 காசு கட்டியாக வேண்டியிருந்தது. ஹெச்டி சேனல் ஒன்று கேட்டால், கூலிக் கணக்கில் அது இரண்டு என்றார்கள்.

சரி, கூலியும் கொடுத்தாயிற்று. இனிமேல்தான் தேர்ந்தெடுக்கும் திருவிழா. எங்கள் வீட்டில் கேட்டது இரண்டே இரண்டு: அம்மாவுக்கு ஒரு சீரியல் சேனல், எனக்கு ஒரு சினிமா சேனல். கேபிள்காரத் தம்பி போனைத் தட்டிக்கொண்டே என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "தனித்தனியா எடுத்தா கட்டுப்படியாகாது சார். பேக் போட்டுக்குங்க, எல்லாமே வந்துரும்." வந்தது. வீட்டில் வயதில் சின்னவன் நான்தான், எனக்கே 58. பேக்கில் கார்ட்டூன் சேனல் இரண்டு இருக்கிறது.

தம்பி சொன்னதில் பொய் இல்லை. ஓர் உதாரணக் கணக்கு போடுவோம். பேக்கில் வைக்கிற சேனலின் விலை 19 ரூபாயைத் தாண்டக் கூடாது என்பது விதி. 19 ரூபாய்ச் சேனல் இரண்டைத் தனியாக வாங்கினால் 38 ரூபாய். அந்த இரண்டோடு யாரும் சீந்தாத ஆறு சேனலைக் கோத்து, எட்டுக்கும் சேர்த்து 70 ரூபாய் என்று விலைப்பட்டியல் போட்டு, 45 சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் 38 ரூபாய் 50 காசு. ஐம்பது காசுக்கு ஆறு சேனல்! இதற்குப் பிறகும் இரண்டு மட்டும் போதும் என்று நிற்பவரை ஊர் என்ன சொல்லும்?

இந்த 45 சதவீதமும் சீர்திருத்தம் நடந்த பிறகு வந்த கணக்கு. முதலில் தள்ளுபடிக்கு 15 சதவீதம்தான் எல்லை என்றார்கள். அந்தப் பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. கயிறு அறுந்ததும் பேக்குகளில் 70 சதவீதம் வரை தள்ளுபடி ஓடியது என்று டிராயே எழுதிவைத்தது. 2020இல் பேக்குக்குள் வருகிற சேனலுக்கு 12 ரூபாய்தான் உச்சவரம்பு என்று கண்டிப்புக் காட்டினார்கள். மறுபடியும் வழக்கு, மறுபடியும் இழுபறி. 2022 நவம்பரில் 12 மீண்டும் 19 ஆனது. கண்டிப்பான ஆணையம்தான், சந்தேகமில்லை.

ரேஷன் கடையில் சர்க்கரை கேட்டால் டீத்தூளையும் சோப்பையும் சேர்த்துத் தலையில் கட்டுவார்கள். ஆனால் அந்தக் கடைக்காரருக்கு உள்ளூர ஒரு பயம் இருக்கும். யாராவது புகார் கொடுத்துவிட்டால்? சேனல்காரருக்கு அந்தப் பயமும் கிடையாது. விலைப்பட்டியலை ஆணையத்திடம் கொடுத்துவிட்டுத்தான் நம் தலையில் கட்டுகிறார்.

ஐம்பது காசுக்கு ஆறு சேனல் தருவது தர்மம் என்று நினைத்துவிடாதீர்கள். நீங்கள் திறந்தே பார்க்காத அந்தக் கார்ட்டூன் சேனலும் உங்கள் வீட்டைச் சந்தா வீடாகக் கணக்குக் காட்டும். எங்கள் சேனல் இத்தனை வீடுகளுக்குப் போகிறது என்று விளம்பரதாரரிடம் போய் நிற்கும். ஆக, உங்களிடம் ஒரு காசு, உங்களைக் காட்டி இன்னொரு காசு. மணிக்கு 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது என்று சட்ட விதி வேறு இருக்கிறது. அதையும் எதிர்த்து நீதிமன்றம் போனார்கள். ராத்திரி சீரியலில் மாமியார் கையை ஓங்கினால், அறை விழுவதற்குள் ஒரு பற்பசை, ஒரு நகைக்கடை, ஒரு சிமென்ட் வந்து போகிறது. மாதச் சந்தா கட்டியவருக்கும் இதுதான் மரியாதை.

சென்னைவாசிகளுக்கு இந்தப் பாட்டு புதிதில்லை. செட்டாப் பெட்டி வாங்குங்கள், பிடித்த சேனலுக்கு மட்டும் காசு கொடுங்கள் என்று 2003 செப்டம்பரிலேயே நம்மிடம் சொன்னார்கள். பெட்டி மாறிக்கொண்டே இருக்கிறது. நிறுவனத்தை மாற்றினால் பழைய பெட்டியையும் மூலையில் போட வேண்டியதுதான். அரசு கேபிளை 2011இல் 70 ரூபாய்க்குக் கொடுத்தார்கள் என்பதை இப்போது பேரப்பிள்ளைகளிடம் சொன்னால், தாத்தா கதை விடுகிறார் என்பார்கள்.

எதிர்த்து நின்றால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2023 பிப்ரவரியில் புதிய விலைக்குக் கையெழுத்துப் போடாத கேபிள் நிறுவனங்களுக்கு ஸ்டார், சோனி, ஜீ நிறுவனங்கள் சிக்னலை நிறுத்தின. சண்டை அவர்களுக்குள். திரை இருண்டது சந்தா கட்டியவர் வீட்டில். 2024 ஜூலையில் நெட்வொர்க் கட்டணத்தின் உச்சவரம்பையும் டிராய் தூக்கிவிட்டது. எவ்வளவு வசூலிக்கலாம் என்பது இனி வசூலிக்கிறவர் இஷ்டம். போட்டி பார்த்துக்கொள்ளுமாம்.

தனிச் சேனலுக்குப் போட்டிருக்கும் விலை, விற்பதற்காகப் போட்ட விலையே இல்லை. பேக்குக்குள் நம்மை விரட்டுவதற்காகப் போட்டது. 19 ரூபாய்ச் சேனல் 45 சதவீதத் தள்ளுபடியில் 10 ரூபாய் 45 காசுக்கு வருகிறது. அந்த விலைக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகிறது என்றால், அதுதான் அதன் விலை. மீதி 8 ரூபாய் 55 காசு, தேர்ந்தெடுத்த குற்றத்துக்கு அபராதம். டிராய் அவ்வப்போது பொதுமக்களிடம் கருத்துக் கேட்டு அறிக்கை வெளியிடும். சேனல்காரர்கள் வக்கீல் வைத்துப் பக்கம் பக்கமாக எழுதி அனுப்புவார்கள். அடுத்த முறை கேட்கும்போது நீங்களும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்: பேக்கில் கொடுக்கிற அதே 10 ரூபாய் 45 காசுக்குத் தனியாகவும் கொடு.